கணக்கு எடுத்தவர்கள் கேட்கிறார்கள்

மழையளவு, கிணற்று நீர்மட்டம், பறவைக் கணக்கு என்று பொதுமக்கள் அளந்து அனுப்பும் பதிவுகளைச் சரிபார்ப்பது என் தொழில். புள்ளியியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். பொதுமக்களும் பங்கெடுக்கும் ஆய்வான மக்கள் அறிவியல் பற்றி வாசகர்கள் கேள்வி அனுப்பலாம் என்று ஆசிரியர் அறிவித்ததும் கடிதங்கள் நிறைய வந்தன. ஆர்வத்தோடு எழுதியவர்கள் உண்டு, மனக்குறையோடு எழுதியவர்களும் உண்டு. மனக்குறையோடு வந்த கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

*

கேள்வி: ஓர் ஆய்வுக் குழு கேட்டுக்கொண்டதால் எங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை இரண்டு வருடம் அளந்து கொடுத்தோம். ஆய்வு முடிந்ததும் வந்தவர்கள் போய்விட்டார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. இது அறிவியலா, இலவச வேலையா அம்மா?
(ஒரு விவசாயி)

பதில்: சமாதானம் சொல்ல மாட்டேன் ஐயா. நீங்கள் எழுதியிருப்பது போலத்தான் நடந்தது என்றால், அது இலவச வேலைதான். வெயிலில் கிணறு கிணறாகப் போய் டேப்பை இறக்கி அளந்தவருக்கு, அந்த எண்களிலிருந்து என்ன தெரியவந்தது என்பதைக் கேட்கும் முதல் உரிமை உண்டு. ஆய்விதழில் கட்டுரை வருவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதே கிணற்றுக் கணக்கு ஆந்திராவில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. 2003 வாக்கில், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உதவியோடு அங்கே ஒரு நிலத்தடி நீர்த் திட்டம் தொடங்கியது. அனந்தப்பூர், சித்தூர், கடப்பா, கர்னூல், பிரகாசம், இன்றைக்குத் தெலங்கானாவில் இருக்கும் மகபூப்நகர், நல்கொண்டா என வறட்சியில் அடிபட்ட ஏழு மாவட்டங்கள். விவசாயிகளே தினமும் மழையை அளந்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் பார்த்தார்கள். எண்களை எல்லோர் கண்ணிலும் படும்படி ஊரில் பலகையில் எழுதி வைத்தார்கள். பருவமழை முடிந்ததும் ஊரே கூடி உட்கார்ந்து, பூமிக்குள் இவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது, ரபி எனும் குளிர்காலப் பருவத்தில் இன்னின்ன பயிர் வைத்தால் இவ்வளவு இழுக்கும் என்று வரவு செலவுக் கணக்குப் போட்டார்கள். போர்வெல்லை மூடு என்று யாரும் உத்தரவு போடவில்லை. பயிரை மாற்றினால் பணம் தருகிறோம் என்றும் சொல்லவில்லை. ஆனாலும் நெல்லைக் குறைத்துக்கொண்டு, குறைந்த தண்ணீரில் விளையும் பயிர்களுக்குப் பலர் மாறினார்கள். அளந்த கையும் முடிவெடுத்த கையும் ஒன்றாக இருந்ததுதான் அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

என் நம்பிக்கைக்கு ஆதாரமும் இருக்கிறது. டென்மார்க் ஆய்வாளர் ஃபின் டேனியல்சனும் கூட்டாளிகளும் 2010ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுச்சூழல் கண்காணிப்புத் திட்டங்களை ஒப்பிட்டார்கள். விஞ்ஞானிகள் மட்டுமே அளந்து ஆராய்ந்த திட்டங்களில், கண்டது செயலுக்கு வர 3 முதல் 9 வருடம் ஆனது. உள்ளூர் மக்கள் அளப்பதிலும் ஆராய்வதிலும் பங்கெடுத்த இடங்களில் ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு முடிவு நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த முடிவுகள் பெரும்பாலும் ஊர் அளவிலானவை, நாட்டின் சட்டத்தை மாற்றுபவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் கிணறு வற்றுவது ஊர் அளவிலான விஷயம்தானே?

கென்யாவில் சோண்டு மிரியு ஆற்றுப் படுகையில் இன்னொரு வழியைச் செய்து பார்த்தார்கள். 13 இடங்களில் நீர்மட்ட அளவுகோல் நட்டு, பக்கத்திலேயே எப்படிப் பார்ப்பது என்ற குறிப்பையும் வைத்தார்கள். அந்த வழியாகப் போகிற யாரும் பார்த்து எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். அனுப்பிய உடனே பதில் வரும், செய்திக்கான செலவும் சிறு ஊக்கத் தொகையும் திரும்பக் கிடைக்கும். 124 பேர் கலந்துகொண்டார்கள். முதல் வருடத்தில் 1,175 சரியான அளவீடுகள் வந்தன. அந்த 124 பேரில் தொடர்ந்து அனுப்பியவர்கள் 19 பேர். இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எந்தத் திட்டத்திலும் சுமையைத் தாங்குவது ஒரு சிறு கூட்டம்தான். அந்தப் பத்தொன்பது பேரைப் போன்றவர்களுக்குப் பணம் கொடுத்தால் அறிவியல் கெட்டுவிடும் என்று வாதாடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆய்வாளருக்குச் சம்பளம் உண்டு, ஓட்டுநருக்குச் சம்பளம் உண்டு, அளப்பவர் மட்டும் சேவை செய்ய வேண்டுமா? ஏழை நாடுகளில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒருவர் கணக்கெடுக்கப் போகிறார் என்றால் அதற்கு ஈடு செய்தே ஆக வேண்டும்.

இனி உங்கள் விஷயம். அளந்த நோட்டுப் புத்தகமோ அதன் நகலோ உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் ஒவ்வொரு கிணற்றுக்கும் தனித்தனியாக ஒரு வரைபடம் போடுங்கள். கீழே தேதி, பக்கத்தில் ஆழம். இந்த வருடக் கோடையைப் போன வருடக் கோடையோடு ஒப்பிடுங்கள், மழைக்காலத்தோடு ஒப்பிட வேண்டாம். மழைக்குப் பிறகு எந்தக் கிணறு சீக்கிரம் ஊறுகிறது, எது ஊறாமலே கிடக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். பள்ளிக்கூட கணக்கு ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை. நோட்டை அவர்களே எடுத்துப் போய்விட்டார்கள் என்றால், நகல் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். ஊர் சார்பில், கையெழுத்துகளோடு. அடுத்த முறை யார் வந்தாலும் டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: இந்தக் கேள்வி யாருடையது, எண்களின் நகல் யாரிடம் இருக்கும், முடிவை எங்கள் மொழியில் எந்தத் தேதியில் வந்து சொல்வீர்கள்? தயங்காமல் பதில் சொல்கிறவர்களோடு வேலை செய்யலாம்.

*

கேள்வி: ஸ்மார்ட்போன் இல்லாமல் இதில் கலந்துகொள்ள முடியுமா?
(ஓர் இல்லத்தரசி)

பதில்: தாராளமாக. ஒரு நோட்டு, பென்சில் போதும். பேனா வேண்டாம், மழையில் நனைந்தால் அழிந்துவிடும். தேதி, நேரம், இடம், பார்த்தது, பார்த்தவர் பெயர் என்று வரிசையாக எழுதுங்கள். பிறகு யாராவது கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். என் மேசைக்கு வருகிற பதிவுகளில் நான் அதிகம் நம்புவது பழைய காகித நோட்டுகளைத்தான். அடித்துத் திருத்தியது கூட அதில் தெரியும்.

*

கேள்வி: பயிற்சி இல்லாதவர்கள், சில இடங்களில் எழுதப் படிக்கவே தெரியாதவர்கள் எடுத்த தரவை வைத்து அறிவியல் முடிவுக்கு வருவது ஆபத்து இல்லையா? குறைகளை மூடி மறைக்காமல் சொல்லுங்கள்.
(ஒரு கல்லூரிப் பேராசிரியர்)

பதில்: குறைகளிலிருந்தே தொடங்குகிறேன் ஐயா, தினமும் நான் பார்ப்பது அவற்றைத்தான்.

மழைக் கணக்கில் 5, 10, 15, 20 என்ற எண்கள் அளவுக்கு மீறி வரும். மழை அப்படிப் பெய்வதில்லை, கண்தான் பக்கத்தில் இருக்கிற பெரிய கோட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு வாரம் முழுக்க ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே சாய்வு என்றால் ஏழு நாள் கணக்கையும் ஒரே உட்காரலில் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் இவை இரண்டும் சின்ன வியாதிகள், கண்டுபிடித்துவிடலாம். பெரிய வியாதி பூஜ்யம் எழுதாமல் விடுவது. மழை பெய்யாத நாளில் பலர் ஒன்றுமே எழுத மாட்டார்கள். "ஒன்றும் இல்லையே, எதை எழுதுவது?" என்பார்கள். எனக்கோ அந்தக் காலியிடத்தைப் பார்த்தால், மழை இல்லையா, இல்லை அவர் வெளியூர் போயிருந்தாரா என்று தெரியாது. பறவைக் கணக்கிலும் இதே கதை. அபூர்வமான பறவையைப் பார்த்தால் ஓடிவந்து பதிவு செய்வார்கள், காக்கையை விட்டுவிடுவார்கள். ஒரு பறவை குறைந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க, அது தென்படாத நாட்களின் கணக்குதான் எனக்கு முக்கியம். அதனால்தான் பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இ-பேர்டு இணையதளத்தில், பார்த்த எல்லா இனங்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி கேட்கிறார்கள். ஆம் என்றால், பட்டியலில் இல்லாதவை அந்த நேரத்தில் அவர் கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரே கேள்வி ஆர்வலரின் நாட்குறிப்பை ஆய்வுத் தரவாக மாற்றிவிடுகிறது.

அப்புறம் இடம். சாலையோரம், நகரத்துப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கெல்லாம் பதிவுகள் குவியும். பேருந்து போகாத மாவட்டத்திலிருந்து ஒன்றும் வராது. வளரும் நாடுகளில் இந்தச் சாய்வு இன்னும் அதிகம், ஏனென்றால் உயிர்வகை அதிகம் இருக்கும் இடத்தில்தான் சாலையும் சிக்னலும் குறைவு. கேரளத்துப் பறவை அட்லஸ் குழுவினர் இதை நேராக எதிர்கொண்டார்கள். 2015 முதல் 2020 வரை மாநிலத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, வறண்ட பருவத்தில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை என ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் போய்க் கணக்கெடுத்தார்கள். பிடித்த இடத்துக்குப் போகாமல் சொன்ன இடத்துக்குப் போவது தன்னார்வலருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது ஒருங்கிணைத்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. நாடு முழுவதற்குமான கணக்கும் உண்டு: 2023ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் அளித்த மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் 178 இனங்களுக்கு உடனடி கவனம் தேவை என்றது. சம்பளத்துக்கு ஆள் வைத்து இதைச் செய்ய எந்த அரசாலும் முடிந்திருக்காது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று கேட்டீர்கள். தென்னாப்பிரிக்காவில் லூயிஸ் லீபன்பெர்க் என்பவர் 1990களில் சைபர்டிராக்கர் என்ற கருவியை உருவாக்கினார். கையடக்கக் கணினியில் எழுத்துக்குப் பதில் படங்கள். காரூ தேசியப் பூங்காவில் விலங்குத் தடம் பார்ப்பவர்கள் அதில் படத்தைத் தொட்டுத் தொட்டு, கறுப்புக் காண்டாமிருகம் எங்கே நின்றது, எந்தச் செடியைத் தின்றது என்று பதிவுசெய்தார்கள். எழுத்து தெரியாவிட்டாலும் ஒரு தடத்தைப் பார்த்து, எந்த விலங்கு, எப்போது போனது, என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்லும் அறிவு அவர்களிடம் இருந்தது. அந்த அறிவு பட்டம் வாங்கிய உயிரியலாளர்கள் பலரிடம் இல்லை. கென்யாவின் ஆற்றுக் கணக்கையும் ஓர் இடத்தில் தானியங்கி ரேடார் கருவியோடு ஒப்பிட்டார்கள், மக்கள் எடுத்தது நன்றாகவே பொருந்தியது. கலந்துகொண்டவர்களின் படிப்போ வயதோ ஆணா பெண்ணா என்பதோ பங்கேற்பைப் பாதித்ததாகத் தெரியவில்லை என்றும் எழுதினார்கள்.

ஆகவே ஆபத்து படிக்காதவரிடம் இல்லை. கேள்வியைத் தெளிவாகக் கேட்காத திட்டத்திடம்தான் இருக்கிறது. "சந்தேகமாக இருக்கிறது" என்று குறிக்க ஒரு கட்டத்தைப் படிவத்தில் வைத்தாலே பாதிப் பிழைகள் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

*

கேள்வி: பள்ளி மாணவர்களை வைத்து மழை அளக்க ஆசை. கருவி வாங்க நிதி இல்லை. பாட்டிலில் செய்யலாம் என்கிறார்கள், அது சரியாக இருக்குமா?
(ஓர் அறிவியல் ஆசிரியை)

பதில்: இருக்கும் டீச்சர். நேபாளத்தில் காத்மாண்டு பள்ளத்தாக்கில் 2018 மழைக்காலத்தில் 154 பேர் குளிர்பான பாட்டில்களில் செய்த மழைமானிகளை வைத்து 6,656 அளவீடுகள் எடுத்தார்கள். அந்தக் கருவிக்கு ஆன செலவு ஒரு டாலருக்கும் குறைவு.

பக்கங்கள் நேராக, வரிப்பள்ளம் இல்லாமல் இருக்கும் பாட்டிலாகத் தேர்ந்தெடுங்கள். தோள் வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல் துண்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புனல் போல வையுங்கள். தண்ணீர் ஆவியாவதை அது குறைக்கும். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அதில் சிமெண்ட் குழைத்து ஊற்றிச் சமமாக்குங்கள், காற்றில் விழாமலும் நிற்கும். சிமெண்ட் மட்டத்தில் ஸ்கேலின் பூஜ்யம் வரும்படி ஒட்டுங்கள். புனலின் வாயும் பாட்டிலின் உடலும் ஒரே அகலமாக இருந்தால் தண்ணீர் நிற்கும் உயரமே மழையளவு.

எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். இந்திய வானிலைத் துறை மழையைக் கணக்கிடுவது காலை 8.30 மணிக்கு, நீங்களும் அதே நேரத்தில் பாருங்கள். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீர்ப் பரப்பு வளைந்திருப்பதன் அடிப்பக்கத்தைப் படிக்க வேண்டும். படித்ததும் கொட்டிவிட வேண்டும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதச் சொல்லுங்கள். அளக்க முடியாத நாளில் "அளக்கவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். ஞாயிறும் திங்களும் சேர்ந்து விட்டதென்றால் "இரண்டு நாள் மழை" என்றே எழுதட்டும், பாதியாகப் பிரித்து எழுத வேண்டாம்.

1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். பள்ளிக் கூரை 200 சதுர மீட்டர் என்றால் 10 மி.மீ. மழையில் அதன் மேல் விழுந்தது 2,000 லிட்டர். இந்தக் கணக்கை மாணவர்களே போடட்டும். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும். அதைத் தொடர்ந்து போங்கள், பாடத்திட்டம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

*

கேள்வி: புது ரகங்களை ஆராய்ச்சிப் பண்ணையில் வளர்த்துப் பார்த்து நல்லது என்கிறார்கள். எங்கள் வயலில் அது எடுபடுவதில்லை. விவசாயிகளை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டால் இது மாறுமா?
(ஒரு விவசாயி)

பதில்: மாறியிருக்கிறது. சிரியாவில் பார்லி ஆராய்ச்சி செய்த சால்வத்தோரே செக்கரெல்லி, தேர்வு செய்யும் வேலையையே விவசாயிகளின் வயலுக்குக் கொண்டுபோனார். பண்ணை நிலத்தில் உரமும் தண்ணீரும் தாராளம். வறண்ட வயலில் முந்துகிற செடி வேறு. அதோடு, விஞ்ஞானி மணியின் எடையைப் பார்த்தால் விவசாயி தட்டையையும் பார்க்கிறார். ஆட்டுக்குத் தீனி அதுதான். வறட்சி வருடத்தில் பயிர் குட்டையாகிவிட்டால் அறுக்கவும் முடியாது, எனவே உயரமாக வளரும் ரகம் வேண்டும் என்பது அவர்கள் தேர்வு. இதை எந்தப் பண்ணை அட்டவணையும் சொல்லியிருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த முறை ஒன்று உண்டு, புள்ளியியல்காரி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆராய வேண்டிய ரகங்கள் பத்து, பதினைந்து இருக்கலாம். ஒவ்வொரு விவசாயிக்கும் அதில் மூன்று மட்டும் தருவார்கள், பெயர் சொல்லாமல், அடையாளக் குறியோடு. மூன்றையும் தன் வயலில், தன் வழக்கப்படி விதைப்பார். எடை போட வேண்டாம், அளவுகோல் வேண்டாம். முளைப்பு, நோய், மகசூல், ருசி ஒவ்வொன்றிலும் எது சிறந்தது, எது மோசம் என்று மட்டும் சொன்னால் போதும். சொல்லாத மூன்றாவது தானாகவே நடுவில் வந்துவிடும். ஒருவருக்குக் கிடைத்த மூன்றும் இன்னொருவருக்குக் கிடைத்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருப்பதால், எல்லாப் பதில்களையும் சேர்த்தால் மொத்த ரகங்களையும் வரிசைப்படுத்திவிடலாம். அந்தந்த வயலின் வெயில், மழைக் கணக்கையும் சேர்த்தால், எந்தச் சூழலுக்கு எந்த ரகம் என்றும் சொல்லலாம். இந்தியாவில் கோதுமை, எத்தியோப்பியாவில் துரம் கோதுமை, நிகராகுவாவில் பீன்ஸ் என்று மூன்று நாடுகளில் 12,409 சிறு வயல்களில் இதைச் செய்து 2019ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவர் தன் மூன்று ரகத்தைப் பற்றிச் சொல்வது சின்ன விஷயம், ஆனால் அந்தச் சின்ன விஷயத்தை அவரை விட நன்றாக யாரும் சொல்ல முடியாது. முறையின் அழகு அங்கேதான்.

விவசாயக் குழுவாக இருந்தால் பக்கத்து வேளாண் பல்கலைக்கழகத்தில் அல்லது வேளாண் அறிவியல் மையத்தில் போய், வயல்வெளிச் சோதனைக்கு நாங்கள் தயார், ஆனால் ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எங்களையும் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

*

கேள்வி: இதெல்லாம் மேலை நாட்டு யோசனைதானே? நமக்குப் பொருந்துமா?
(ஒரு வாசகர்)

பதில்: பாதிதான் உண்மை. ஆர்வலர்களை வைத்துப் பறவை எண்ணும் வழக்கம் அமெரிக்காவில் 1900ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கிய கணக்கெடுப்பின் வழி வந்தது என்று சொல்லலாம். ஆனால் கேள்வியையே மக்களோடு சேர்ந்து கேட்பது என்ற இன்னொரு மரபு நம்மைப் போன்ற நாடுகளில்தான் வேர்விட்டது. கொலம்பியாவில் ஒர்லாந்தோ ஃபால்ஸ் போர்தா என்ற சமூகவியலாளர் கிராமத்து விவசாயிகளோடு சேர்ந்து ஆய்வு செய்து, 1977ல் கார்தகேனா நகரில் அதற்கென்றே ஓர் உலகக் கூட்டத்தைக் கூட்டினார். 1970களில் தான்சானியாவிலும் இந்த முறை வளர்ந்தது. இந்தியாவில் இப்படி மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்யும் பிரியா (PRIA) என்ற அமைப்பு 1982ல் தொடங்கியது. மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962லேயே பிறந்துவிட்டது, பிறகு கிராமங்களில் மக்களைக் கொண்டே நிலம், நீர் வளங்களை வரைபடமாக்கும் வேலையையும் செய்தது. முதல் மரபில் மக்கள் எண்களைத் தருகிறார்கள். இரண்டாவதில் எதை எண்ண வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நமக்கு இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டாவது இல்லாத முதலாவதை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

*

கேள்வி: மலைவாழ் மக்களோடு சேர்ந்து மூலிகைகள் பற்றி ஆய்வு செய்கிறேன். எனக்கு இடங்களைக் காட்டியவர்களின் பெயரைக் கட்டுரையில் போடலாமா? செடி இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். அளவையும் கேட்கிறார் என் வழிகாட்டி.
(ஓர் ஆய்வு மாணவர்)

பதில்: கேட்டது ரொம்ப நல்லது தம்பி. பெயரை முதலில் பார்ப்போம். நான் முன்னே சொன்ன காண்டாமிருக ஆய்வு 1999ல் கட்டுரையாக வந்தபோது, தடம் பார்த்த காரெல் பெனாடி, ஜேம்ஸ் மின்யே இருவரின் பெயரும் கட்டுரை ஆசிரியர்கள் பட்டியலில் இருந்தது. அடிக்குறிப்பில் நன்றி சொல்லி முடிக்கவில்லை. உங்களுக்கு அறிவைத் தந்தவரிடம் அவர் மொழியில் விளக்கிச் சொல்லி, பெயர் வேண்டுமா வேண்டாமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் உரிய இடத்தில் போடுங்கள். வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள், சிலருக்குப் பெயர் வெளியே வருவது தொல்லை.

இட விவரம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விலை போகும் செடி இன்ன பாறைக்குக் கீழே இருக்கிறது என்று அச்சில் வந்தால் அடுத்த மாதம் அது அங்கே இருக்காது. இ-பேர்டு தளமே வேட்டை ஆபத்துள்ள பறவைகளின் இடத்தை மறைத்து வைக்கிறது. வட்டாரப் பெயரோடு நிறுத்திக்கொள்வது அறிவியலுக்குக் குறை ஆகாது என்று வழிகாட்டியிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் பலன் யாருக்கு என்பது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசியும் தாகமும் தெரியாமலிருக்க ஹூடியா என்ற செடியின் தண்டை மெல்வார்கள். அதன் வேதிப்பொருளுக்கு அந்நாட்டு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 1990களில் அவர்களைக் கேட்காமலே காப்புரிமை வாங்கியது. போராடிய பிறகுதான் 2003ல் பலனைப் பகிரும் ஒப்பந்தம் வந்தது. 2017ல் சான் மக்கள் தங்களை ஆராய வருகிறவர்களுக்கென்று ஒரு நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்று எளிய சொற்களில் இருக்கும். ஆய்வாளர்கள் ஜன்னல் வழியாக நுழையாமல் வாசல் வழியாக வரட்டும் என்பது அவர்களின் தலைவர் ஆண்ட்ரீஸ் ஸ்டீன்காம்ப் வைத்த கோரிக்கை. நம் நாட்டில் 2002ம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டப்படி உள்ளாட்சிகளில் உயிர்ப்பன்முக மேலாண்மைக் குழுக்கள் உண்டு, ஊரின் உயிர்வளங்களைக் குறித்து வைக்கும் மக்கள் பதிவேடும் உண்டு. அந்தக் குழுவிடம் போய்ச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உங்களுக்கான வாசல் அதுதான்.

எதைப் பதிவுசெய்வது என்பதை அவர்களே முடிவு செய்த ஓர் உதாரணமும் சொல்கிறேன். காங்கோ குடியரசின் காடுகளில் வாழும் எம்பென்ஜெலே மக்கள், மரம் வெட்டும் நிறுவனம் தொடக்கூடாத இடங்களைப் படக் குறியீடுகள் கொண்ட கருவியில் குறித்தார்கள். கல்லறைகள், வழிபாட்டு இடங்கள், உண்ணும் புழுக்கள் கிடைக்கும் மரங்கள். வரைபடத்தில் இல்லாத காடு வெறும் காடாகவே வெட்டப்பட்டிருக்கும். அங்கே இடத்தைச் சொல்வது அவர்களுக்குப் பாதுகாப்பு. உங்கள் மலையில் சொல்லாமல் இருப்பது பாதுகாப்பாக இருக்கலாம். எது எங்கே என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

*

கேள்வி: தொழிற்சாலைப் புகையால் அவதிப்படுகிறோம். நாங்கள் குறித்து வைத்ததைக் கொண்டுபோனால் "இது அதிகாரபூர்வ தரவு இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?
(ஒரு குடியிருப்போர் சங்கம்)

பதில்: நம் கடலூர் சிப்காட் பக்கத்து ஊர்க்காரர்களும் இதே பதிலைக் கேட்டவர்கள்தான். 2004ல் அவர்கள் தங்களுக்குள் ஒரு சமூகக் கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த மாதிரி நாற்றம், காற்று எந்தப் பக்கமிருந்து என்று குறித்தார்கள். பிறகு வாளி முறையைக் கற்றுக்கொண்டார்கள். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு தனி வகைப் பை. வாளிக்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சினால் பை விரிந்து வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாதிரி பம்பைத் தொடாது, அதனால் கலப்படம் இல்லை. அந்தப் பையை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, காற்றில் என்னென்ன நச்சு வாயுக்கள் இருக்கின்றன என்று வாங்கிய அறிக்கையைத்தான் மேசையில் வைத்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு அங்கே வந்து பார்த்ததும் அதே ஆண்டில்தான். மூக்கு தந்த தகவலும் ஆய்வகம் தந்த தகவலும் ஒன்றையொன்று தாங்கி நின்றதுதான் அவர்களுடைய பலம்.

அதிகாரபூர்வம் என்பது கல்லில் வெட்டியதும் இல்லை. கடற்கரையில் தன்னார்வலர்கள் குப்பை பொறுக்கி எண்ணிய கணக்கை கானா நாடு தன் அரசுப் புள்ளிவிவரத்திலேயே சேர்த்து, ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளுக்கான அறிக்கையில் 2022ல் பயன்படுத்தியது. கடல் பிளாஸ்டிக் கணக்கில் இப்படிச் செய்த முதல் நாடு அதுதான். முறையைச் சரிபார்க்க அந்நாட்டுப் புள்ளியியல் துறையே முன்வந்து உட்கார்ந்தது. மனமிருந்தால் நம் துறைகளும் செய்யலாம்.

உங்கள் சங்கம் இன்றைக்கே செய்யக்கூடியது இது. தைத்துக் கட்டிய நோட்டு ஒன்று வாங்கிப் பக்கங்களுக்கு எண் போடுங்கள். நாற்றம் வந்த நேரம், போன நேரம், காற்றின் திசை, யாருக்கு என்ன உபாதை, பார்த்தவர் கையெழுத்து. நாற்றம் இல்லாத நாட்களையும் "இல்லை" என்று எழுதுங்கள், அந்த நாட்கள் இல்லாவிட்டால் உங்கள் நோட்டைப் புகார்ப் பட்டியல் என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு மாதம் ஆனதும், நாற்றம் அதிகம் வரும் நேரத்தைக் குறிப்பிட்டு, அந்த நேரத்தில் வந்து அளக்கும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே அங்கே அளந்த விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாகக் கேளுங்கள். இரண்டு கடிதத்துக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். நோட்டின் நகல் இரண்டு வீடுகளில் இருக்கட்டும்.